மறுபடியும் ஒருமுறை சிரியுங்கள்

லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவரைத்தான் சொல்வார்கள். உள்ளே நின்று பொத்தானை அழுத்துகிறவர் இல்லை. லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கத்தும்போது வந்து சேருகிறவர். கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறையிலும் அடியில் குழியிலுமாகவே ஆயுசில் பாதி போய்விட்டது. முழங்கால் இரண்டும் மழைக்கு முன்னால் முணுமுணுக்கும். ஆள் பரம சாது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால் அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் பேசினாலும் நேருக்கு நேர் நின்று, முகத்தைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் வாயை நன்றாகத் திறந்து பேசுவார். புதிதாகப் பார்ப்பவர்கள், நம்மை என்ன கைக்குழந்தை என்று நினைத்துவிட்டாரா என்று முகம் சுளிப்பார்கள். விஷயம் வேறு. அவர் மனைவிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்தே அத்தனையும் புரிந்துகொள்வாள். முணுமுணுத்தால் அவளுக்குப் பிடிக்காது. வாய்க்குள் பேசுகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்பாள். அவளோடு பேசிப் பேசி அவர் வாய் அப்படியே பழகிவிட்டது.

அந்த வீட்டில் யாரும் யாரையும் கூவி அழைத்ததில்லை. விளக்கைப் போட்டு அணைத்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தடவை சிமிட்டினால் கொஞ்சம் வா என்று அர்த்தம். விடாமல் சிமிட்டினால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, ஓடி வா என்று அர்த்தம். ஒரே மகள். சரியாகப் பேச்சு வருவதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சுவிட்சைத் தட்டக் கற்றுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை, ஏதோ ஆபத்து, சைகை காட்டுகிறார்கள் என்று நினைத்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

மனைவி போய் நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவர் நின்றுகொண்டே சாப்பிடுகிற மனிதராகிவிட்டார். தட்டை எடுத்து உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். மகள் நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர் எழுதுகிற வேலை. ஒரு தொடரை ஒருவர் எழுதுவதில்லையாம். ஐந்தாறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிப் பேசியே எழுதுவார்களாம். பேசுவதற்குச் சம்பளம் என்றால் இவள் அம்மாவுக்கும் சேர்த்து வாங்குவாள் என்று லிஃப்ட்காரர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"அப்பா, நீங்க யார்கூடயாவது பழகணும். இப்படியே இருந்தா உங்களுக்கும் லிஃப்ட்டுக்கும் வித்தியாசம் இல்லாம போயிடும். ஏர்றது, இறங்குறது, அவ்வளவுதான்."

"இந்த வயசுலயா? போம்மா."

"ஏன், வயசுக்கு என்ன? நீங்க தைரியமா போங்க. என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, அடுத்து என்ன பண்ணணும்னு நான் சொல்றேன்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மனதில் ஓர் ஆள் இருக்கத்தான் செய்தார். அவர் வேலைக்குப் போகிற தடத்தில் பேருந்து ஓட்டுகிற அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், கணவரோடு ஒத்துவராமல் எப்போதோ பிரிந்தவர். கருவிப் பையோடு ஏறும் லிஃப்ட்காரரைத் தினமும் திட்டுவார். "அந்த மூட்டைய வழியில வைக்காதீங்க, யாராவது தடுக்கி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்." லிஃப்ட்காரர் பதில் சொல்லவேண்டி, வழக்கம்போல முகத்தைத் தேடிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் தொங்கி எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அந்த அம்மாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"உங்களுக்கு மூஞ்சியப் பாத்தாத்தான் பேச்சு வருமா? நான் ரோட்டப் பாக்கணும் சாமி. பேசணும்னா டிப்போவுக்கு வாங்க. அங்க டீ சுமாரா இருக்கும்."

அன்று லிஃப்ட்காரர் தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி நடந்தார்.

டிப்போவில் டீ சுமாருக்கும் கீழே. ஆனாலும் அடிக்கடி போனார். ஒவ்வொரு சந்திப்புக்கும் மறுநாள் காலை மகளுக்குப் போன். அவள் தோண்டித் தோண்டிக் கேட்பாள். அவங்க என்ன போட்டிருந்தாங்க, நீங்க என்ன சொன்னீங்க, சொல்லும்போது கைய எங்க வச்சிருந்தீங்க, எதுக்குச் சிரிச்சாங்க. அவர் ஒன்றுவிடாமல் சொல்வார். மனைவி போனபிறகு அவர் பேச்சை இத்தனை ஆசையாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை. அந்த அம்மாளைப் பார்ப்பதைவிட, பார்த்ததை மகளிடம் சொல்வதில்தான் மனிதருக்கு ருசி அதிகமோ என்றுகூட நினைக்கத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் புதுத் தொடர் வர ஆரம்பித்தது. கணவனை இழந்த ஓர் அம்மா, வளர்ந்த பிள்ளைகள், ஐம்பது வயதுக்கு மேல் அந்த அம்மா ஒரு வாடகைக் கார் ஓட்டுகிறவரோடு பழகத் தொடங்குவதால் வருகிற கூத்து. லிஃப்ட்காரர் வாராவாரம் தவறாமல் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த அம்மாவும் என்ன மாதிரியே அசடு வழியிதும்மா," என்றார் போனில்.

"அந்த வயசுல எல்லாரும் அப்படித்தான்ப்பா," என்றாள் மகள்.

அவருக்கு அதில் ஓர் ஆறுதல். உலகத்தில் அசடு வழிகிறவர் தான் ஒருவரில்லை என்று தெரிந்தால் யாருக்கும் ஆறுதலாகத்தானே இருக்கும். தொடரில் வருவது பெண். காட்டுவது வேறு வீடு, வேறு மனிதர்கள். வாடகைக் கார் எங்கே, பேருந்து எங்கே. அவருக்குச் சந்தேகமே தட்டவில்லை.

பிறகு படகு வந்தது. ஏரியில் படகு ஓட்டக் கூட்டிப்போங்கள் என்று மகள்தான் யோசனை சொன்னாள். அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். லிஃப்ட் குழியில் மழைநீர் தேங்கினால்கூட, கூட வேலை செய்கிற கூட்டாளியைத்தான் இறக்குவார். அது மகளுக்கும் தெரியும். "அதனாலதான்ப்பா சொல்றேன். பயத்தை மறைக்காதீங்க, அவங்களுக்குப் பிடிக்கும்," என்றாள். போனார். எழுந்து நின்று துடுப்பை மாற்றிக்கொள்ளப் போய்த் தலைகுப்புற விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் செத்தேன் செத்தேன் என்று அவர் கத்த, அந்த அம்மாள் படகில் உட்கார்ந்தபடியே, "எந்திரிச்சு நில்லுங்க, போதும்," என்றாராம். சில வாரம் கழித்துத் தொடரில் அந்த விதவை அம்மா படகிலிருந்து விழுந்தாள். அதே இடுப்பளவுத் தண்ணீர்.

மகள் முந்திக்கொண்டாள். "அப்பா, அது ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டேன். கோவமா?"

கோபமாவது. தலைகால் புரியவில்லை அவருக்கு. வேலை செய்கிற இடத்தில் எல்லோரிடமும், அந்தப் படகு என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, "அடுத்த தடவை விழுறப்போ சொல்லிட்டு விழுங்க, தலையச் சீவிக்கிட்டு வர்றேன்," என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஆனால் அந்த அம்மாளின் வீட்டில் ஒரு சாயங்காலம் நடந்தது அப்படியில்லை.

அன்றுதான் அவர் முதல் தடவையாக அங்கே சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மாள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம். இவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கூப்பிட வேண்டும் என்று நினைத்தாரோ இல்லையோ, கை தானாகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை இரண்டு தடவை தட்டிவிட்டது. சமையலறை விளக்கு சிமிட்டியது. மின்சாரம்தான் போகிறதோ என்று அந்த அம்மாள் ஈரக்கையோடு வெளியே வந்தார். சுவிட்சில் கை வைத்தபடி லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். தான் யாரைக் கூப்பிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவியை அடக்கம் செய்தபோது வராத அழுகை அன்று வந்தது. நின்ற இடத்திலேயே, மூக்கு ஒழுக ஒழுக, சத்தம் போட்டு அழுதார். விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னார். அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவிட்சை இரண்டு தடவை தட்டிவிட்டு, "நான் இங்கதான் இருக்கேன், வாங்க, சாப்பாடு ஆறுது," என்றார்.

மறுநாள் காலை அதையும் மகளிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்? அது அவள் அம்மாவின் விளக்கு. போனில் மகளும் அழுதாள். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அன்று முழுக்க லிஃப்ட்காரருக்கு மனசு லேசாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கசக்கிறது.

தொலைக்காட்சி நிலையத்தின் லிஃப்ட்டுகளும் அவர் கம்பெனியின் பொறுப்பில்தான் இருந்தன. ஒருநாள் அங்கே கதவு சரியாக மூடவில்லை என்று போயிருந்தபோது வாசலில் இருந்த காவலாளி, மகளுடைய தொடரைப் பார்வையாளர்களை உட்கார வைத்துத்தான் எடுக்கிறார்கள், வேண்டுமானால் அனுமதிச் சீட்டு தருகிறேன் என்றார். லிஃப்ட்காரர் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டார். மகளிடம் மூச்சுவிடவில்லை. அந்த அம்மாளோடு போய் உட்கார்ந்து, முடிந்ததும் மேடைப்பக்கம் போய் மகளுக்கு முன்னால் இரண்டு பேருமாக நிற்க வேண்டும். அதுவரை மகளும் அந்த அம்மாளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்த அம்மாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே படிக்கட்டு மாதிரி அடுக்கிய இருக்கைகள். எதிரே மூன்று சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக ஒரு வீடு. கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்கென்றே பளபளக்கும் சட்டையோடு ஓர் ஆள் இருந்தார். நீங்கள் சிரித்தால்தான் நடிப்பவர்களுக்கு உயிர் வரும், வாய்விட்டுச் சிரியுங்கள், பல்செட் இருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை என்றார். லிஃப்ட்காரர் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல் அக்கம்பக்கம் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். கீழே கேமராக்களுக்கு நடுவே மகள் கையில் தாள்களோடு நிற்பது தெரிந்தது. "அதான் என் பொண்ணு," என்று காட்டினார். "உங்க மூக்கு," என்றார் அந்த அம்மாள்.

முதல் இரண்டு காட்சிக்கு அந்த அம்மாள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மூன்றாவது காட்சியில் விதவை அம்மா வாடகைக் கார்க்காரரின் வீட்டுக்கு வருகிறாள். அவர் உள்ளறையில் உடை மாற்றப் போகிறார். இவள் கூடத்தில் தனியாக நிற்கிறாள். சுவரில் ஒரு சுவிட்ச்.

லிஃப்ட்காரர் அந்தச் சுவிட்சைப் பார்த்ததுமே புன்னகையை நிறுத்திவிட்டார்.

விதவை அம்மா சுவிட்சை இரண்டு தடவை தட்டினாள். உள்ளறை விளக்கு சிமிட்டியது. அதைச் சரச அழைப்பு என்று எடுத்துக்கொண்ட கார்க்காரர் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, மீசையை நீவியபடி துள்ளி வந்தார். கூட்டம் வெடித்தது. விதவை அம்மா மூக்கை உறிஞ்சி அழ ஆரம்பித்தாள். செத்துப்போன புருஷனுக்குக் காது கேட்காது, அவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன் என்றாள். துண்டுக்காரர், "நல்லவேளை, நான் வேற எதுக்கோ கூப்பிட்டீங்கன்னு நெனச்சு," என்று சொல்லிச் சுவிட்சை எட்டித் தட்டினார். துண்டு அவிழ்ந்து விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் சிரித்த சிரிப்பில் லிஃப்ட்காரரின் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

துண்டு சரியான நேரத்தில் விழவில்லையாம். மறுபடி எடுத்தார்கள். பளபளச் சட்டைக்காரர் முன்னால் வந்து இரண்டு கையையும் உயர்த்தினார். "புதுசாக் கேக்குற மாதிரியே மறுபடியும் ஒருமுறை சிரிங்க, தயவுசெஞ்சு." கூட்டம் அப்படியே சிரித்தது. லிஃப்ட்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மாளின் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

பிறகு மகள் மேடைக்குப் போனாள். காது கேட்காதவரோடு வாழ்ந்தவள் எப்படிப் பேசுவாள் என்று அந்த நடிகைக்குச் சொல்லிக் கொடுத்தாள். நேராக நின்று, முகத்தை முன்னால் நீட்டி, கண்ணை அகல விரித்து, சொல்லுக்குச் சொல் வாயைத் திறந்து காட்டினாள். அது லிஃப்ட்காரரின் வாய். ஒரு துளி பிசகில்லாமல் அவரேதான். குழந்தையாக மடியில் உட்கார்ந்து பார்த்தவளாயிற்றே. முன்வரிசையில் இருந்தவர்கள், ஒத்திகைதான் என்று தெரிந்தும், அதற்கே சிரித்துவிட்டார்கள். மகள் அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே தலையை நிமிர்த்தினாள். இருக்கைகளுக்கு நடுவே அப்பாவைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். நிறுத்திவிடுவாள் என்று அவர் நம்பினார். அந்த நொடியில்கூட நம்பினார். அவள் மெல்லக் கீழே இறங்கிக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மூன்றாவது தடவை நடிகை வாயை அகலத் திறந்தாள். அதுவரை இல்லாத சிரிப்பு எழுந்தது.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் காதருகே கேட்டார்.

"என் பொண்ணுகிட்ட."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அன்னிக்கு நீங்க அழுதத நான் என் கூடப்பொறந்தவகிட்டகூடச் சொல்லல," என்றார் அந்த அம்மாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

லிஃப்ட்காரர் தடுமாறி எழுந்து பின்னால் போவதற்குள் அந்த அம்மாள் வாசலைக் கடந்திருந்தார். வெளி நடைபாதையில் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளோடு சேர்ந்து தொடர் எழுதுகிற, தாடி வைத்த ஓர் ஆளும் வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். முகமெல்லாம் பல்லாக லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், நீங்கதான் அப்பாவா? எங்க ரூமே உங்க ரசிகர் சார். படகு நான்தான் சொன்னேன். தண்ணின்னா பயம்னு இவங்க சொன்னதும், அப்ப படகுல ஏத்துங்கன்னு சொன்னேன். நீங்க விழவே விழுந்துட்டீங்க."

மகள் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னும் சிரித்தபடியே, என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் உள்ளே போனார்.

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்னைப் படகுக்கு அனுப்புனது நீயில்லையா?"

"அப்பா, முதல்ல நான் உங்களுக்காகத்தான் கேட்டேன். சத்தியமா. அப்புறம் ரூம்ல ஒருநாள் சொன்னேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்பா அடுத்து எங்க போறார், என்ன பண்றார்னு தினமும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்படியே... என்ன பண்ணச் சொல்லலாம்னு பேச ஆரம்பிச்சோம்."

"நாலு பேர் உக்காந்து பேசி, அதை நீ எங்கிட்ட வந்து சொன்ன. நான் அதைச் செஞ்சுட்டு வந்து உங்கிட்ட சொன்னேன்."

"எல்லாருக்கும் உங்கள எவ்வளவு பிடிக்கும் தெரியுமாப்பா?"

"அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதேம்மா."

அவள் அழுதாள். "விளக்கு விஷயத்த நான் அம்மாவுக்காக எழுதுனேன். அம்மா அதுல இருக்கட்டும்னுதான். துண்டு மத்தவங்க சேத்தது."

"நீ அம்மாகிட்ட நான் பேசுற மாதிரி பேசிக் காட்டுனியே, அது யார் சேத்தது?"

உள்ளே இருந்து ஒருவர் அவளைக் கூப்பிட்டார். அடுத்த காட்சிக்கு எல்லோரும் காத்திருக்கிறார்களாம். அவள் உள்ளே ஒரு பார்வையும் அப்பாவை ஒரு பார்வையுமாகத் தவித்தாள். லிஃப்ட்காரர், "போ, வேலையப் பாரு," என்றார். பழக்க தோஷம். அவள் போய்விட்டாள். அவருக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பெற்ற மகள், தன்னை ஐந்தாறு பேருக்கு நடுவே மேஜையில் உட்காரவைத்து, அங்கே நகர்த்து இங்கே நகர்த்து என்று விளையாடியிருக்கிறாள். அதற்குப் பெயர் அக்கறை என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

அதன்பிறகு அவர் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. முழங்கால் வலியோடு பின்தெரு வழியாக நடந்து போனார். மகள் போன் செய்தால் எடுத்து, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். கூட்டாளி ஒருநாள் மோட்டார் அறையில், "பொண்ணுதானே, விட்டுத் தொலைங்க. அந்த அம்மாகிட்டயாவது போய்ப் பேசுங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றான். அதுதான் அவரை உறுத்தியது.

டிப்போவுக்குப் போனார். அந்த அம்மாள் மேஜையில் தனியாக உட்கார்ந்து அந்தச் சுமார் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் எதிரே உட்காராமல் நின்றார்.

"பொண்ணு மேல பழி போட வரல. வாயத் தொறந்தது நான்தான்."

"எனக்கு உங்க பொண்ணு மேல கோவமே இல்ல," என்றார் அந்த அம்மாள். "அவளுக்கு நான் யாரு? உங்க மேலதான். என் வீட்டுச் சமையலறைக் கதவ யாரக் கேட்டு ஊருக்குத் தொறந்து விட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

"இனிமே?"

"இனிமே நமக்குள்ளயே."

"பொண்ணுகிட்டகூடவா?"

அந்த அம்மாள் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் நின்றார். "பொண்ணுகிட்டகூட," என்றார். சொல்லும்போது வலித்தது. அந்த அம்மாள் காலால் எதிர் நாற்காலியை வெளியே தள்ளிவிட்டார். அவர் உட்கார்ந்தார்.

தொடர் முடிகிற சமயத்தில் மகள் வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவின் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் கையும் தானாக அவள் தலைக்குப் போனது.

"நான் பண்ணது பெரிய தப்புப்பா. அதுக்கு ஒண்ணு பண்ணலாம்னு நெனச்சேன். கடைசி வாரத்த எழுதுற பொறுப்பு எனக்கு வந்திருக்கு. அவங்க ரெண்டு பேரும் சேரணுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதுறேன். வேற யார் பேச்சையும் கேக்கல."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவரிடமிருந்து எடுத்ததை அவருக்கே பரிசாகக் கொண்டுவந்து நீட்டுகிறோம் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை.

"சேர வேண்டாம்," என்றார்.

"ஏம்ப்பா?" தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நிஜத்துல என்ன ஆச்சு? அவங்க வந்தாங்களா? என்ன சொன்னாங்க?"

ஈரம் காயாத அவள் கண்ணில் ஓர் ஆவல் எட்டிப் பார்த்தது. அது அப்பாவின் மீதுள்ள பாசமா, எழுதுகிறவளின் பசியா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். இனி எப்போது அவள் முகத்தைப் பார்த்தாலும் இதே சந்தேகம்தான் வரும் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

"வரல. அன்னிக்குப் போனவங்கதான்," என்றார். மகளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. வாயை நன்றாகத் திறக்காமல் சொன்னார்.

"நான் கெடுத்துட்டேன்," என்று மகள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். இல்லம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டார்.

தொடரின் கடைசி வாரத்தில் விதவை அம்மா ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த முடிவை எல்லோரும் பாராட்டினார்கள் என்று கூட்டாளி சொன்னான். லிஃப்ட்காரர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாள் அவர் வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் அந்த அம்மாளே சொன்னார்: "அந்தப் பொண்ணு பாவம். தானே கெடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்கும். சொல்லிடுங்க. நான் அன்னிக்கு ஏதோ கோவத்துல கேட்டது அது."

"நீங்க விட்டுட்டீங்க," என்றார் லிஃப்ட்காரர். "எனக்குத்தான் முடியல."

சொல்ல வேண்டும் என்று அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எது நடந்தாலும் முதலில் அவளிடம் சொல்லத்தான் மனசு ஓடும். பேருந்தில் நடந்த ஒரு வேடிக்கை, அந்த அம்மாள் அடித்த ஒரு கிண்டல், எல்லாம் தொண்டையில் வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வார். இத்தனை வயதில் கிடைத்த ஒரு சந்தோஷத்தை, அதை முதன்முதலில் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆளிடமிருந்தே ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஆற்றமாட்டாத துக்கம்.

மகள் ஞாயிறு மதியம் தவறாமல் போன் செய்வாள். அன்றும் செய்தாள். சாப்பாடு பாதியில் இருந்தது. அந்த அம்மாள் சமையலறையில் எதையோ கொட்டிவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"யாரோ சிரிக்கிற மாதிரி கேக்குதே?"

லிஃப்ட்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் துணியோடு, சொல்லிவிடுங்கள் என்பதுபோல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"டிவிம்மா," என்றார்.

"ஓ," என்றாள் மகள். "எந்தத் தொடர்ப்பா?"

"ஏதோ பழசு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.